சின்னக் குழந்தைகளும் ஆப்பிளும்: சமையலில், கைவேலையில், பொம்மையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழலையர் பள்ளியில் சிவப்பு வண்ண நாள் என்று அறிவிப்பு வந்தால் போதும், வீட்டில் ஆப்பிள் களைகட்டிவிடும். ஆப்பிள் முகமூடி, ஆப்பிள் அச்சு, சாப்பாட்டு டப்பாவில் ஆப்பிள் கார் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இந்த உற்சாகம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கைப்பேசியில் பார்த்த படத்தை அப்படியே செய்ய முனையும்போது ஒரு விஷயம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது: குழந்தையின் வயது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் வாய் வேறு, கை வேறு, புரிதல் வேறு. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

வேகவைக்காத ஆப்பிளைத் துண்டு போட்டுக் கொடுப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். முன்பற்கள் நான்கு முளைத்ததும், குழந்தை நன்றாகக் கடிக்கிறது என்று நம்பி ஆப்பிளைச் சதுரமாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுவிடுகிறார்கள். கடிப்பது முன்பல்லின் வேலை, அரைப்பது கடைவாய்ப்பல்லின் வேலை. பால் கடைவாய்ப்பற்கள் எல்லாம் முளைத்து முடிய இரண்டரை, மூன்று வயது ஆகும். அதுவரை குழந்தை கடித்தெடுக்கும் துண்டு அரைபடாமலேயே தொண்டைக்குப் போகிறது. ஆப்பிள் வாழைப்பழம்போல் நசுங்காது. கெட்டியானது, வழுக்கக்கூடியது. குழந்தையின் குறுகிய மூச்சுக்குழாயை அடைக்க ஒரு சிறு துண்டு போதும்.

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்குத் தோலும் விதையும் நீக்கிய ஆப்பிளை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினால் குழைய வேண்டும், அதுதான் பதம். ஒரு வயதுக்கு மேல் கேரட் துருவியில் துருவியும், தாள்போல மெலிதாகச் சீவியும் தரலாம். கெட்டியான துண்டுகளை நான்கு வயது வரை தள்ளிப்போடுவது நல்லது. அதன் பிறகும் உட்கார வைத்து, பக்கத்தில் பெரியவர் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். காரில் போகும்போதும் ஓடி விளையாடும்போதும் வேண்டவே வேண்டாம்.

புரையேறினால் என்ன செய்வதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை சத்தமாக இருமினாலோ அழுதாலோ காற்று போய்வருகிறது என்று பொருள். இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் கறுத்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு விலகும் வரை இதை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு மார்புக்குப் பதிலாகத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேல்நோக்கி அழுத்துவார்கள். இன்னொருவர் அதே நேரம் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விடக் கூடாது, அது துண்டை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு முறை நேரில் பயிற்சி பெற்றுக்கொண்டால் பதற்றத்திலும் கை தடுமாறாது.

அழகுக்காகச் செய்யும் ஆப்பிள் கார்

ஆப்பிள் கீற்றின் இருபுறமும் பல்குச்சியைச் செருகி, நான்கு முனையிலும் முழுத் திராட்சையைச் சக்கரமாகக் குத்திவைக்கும் கார் படங்களில் மிக அழகாக இருக்கும். ஆனால் அதில் மூன்று ஆபத்துகள் ஒன்றாக இருக்கின்றன. முழுத் திராட்சை மூச்சுக்குழாயை மூடிவிடும் அளவில் உருண்டையாக இருக்கிறது. பல்குச்சி தொண்டையில் குத்தும். ஆப்பிள் கீற்றோ மேலே சொன்ன அதே கெட்டித் துண்டு. இரண்டு ஆப்பிள் கீற்றுகளுக்கு நடுவே வேர்க்கடலையைப் பல்வரிசையாக அடுக்கிச் செய்யும் 'சிரிக்கும் வாய்' இன்னொன்று. முழு வேர்க்கடலையும் சின்னக் குழந்தைகளுக்கு மூச்சடைப்பு உண்டாக்குவதில் பேர்போனது.

கார் செய்தே ஆக வேண்டுமென்றால் தட்டில் படுக்கவைத்துச் செய்யுங்கள். ஆவியில் வெந்த ஆப்பிள் கீற்று வண்டியாகட்டும், நீளவாக்கில் நான்காக நறுக்கிய திராட்சைத் துண்டுகள் அதன் கீழே சக்கரமாகட்டும். குச்சியே தேவையில்லை, குழந்தைக்கு அதுவும் கார்தான்.

சாறு, தேன், பட்டைத் தூள்

பழம் சாப்பிட மறுக்கிறான், சாறாவது குடிக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. சாறாக்கி வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், சர்க்கரை தங்கிவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பழச்சாறே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 125 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வீட்டில் பிழிந்த சாறுக்கும் இது பொருந்தும். மிக்ஸியில் அடிப்பவர்கள் விதையை நீக்கிவிட வேண்டும். முழு விதை ஒன்றிரண்டு தவறி வயிற்றுக்குள் போனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அரைபட்ட விதையிலிருந்து சிறிதளவு சயனைடு வெளிப்படும்.

மசித்த ஆப்பிளில் ஒரு சொட்டுத் தேன் விடுவதையும் பார்க்கிறேன். ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைநுண்மங்கள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சு உண்டாக்கலாம். அதனால் தசைகள் செயலிழக்கும். காய்ச்சினாலும் இந்த நுண்மங்கள் எளிதில் அழியாது.

ஆப்பிளுக்கும் பட்டைக்கும் நல்ல பொருத்தம். ஆனால் பட்டைத் தூளை எங்கே வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆப்பிள்-பட்டைக் கூழ்ப் பொட்டலங்களில் அதிக அளவு ஈயம் இருந்தது தெரியவந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. ஈயம் வந்த வழி பட்டைத் தூள்தான். முழுப் பட்டையாக வாங்கி, வேகும்போது ஒரு துண்டு போட்டு எடுத்துவிட்டால் மணமும் கிடைக்கும், தூளைப் பற்றிய கவலையும் இருக்காது.

சமையலறையில் நடக்கும் சின்னத் தவறுகள்

நறுக்கிய ஆப்பிள் பழுப்பானதும் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுகிறார்கள். கெடவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் உள்ள நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, துண்டுகளை முக்கி எடுத்தால் மதிய உணவு நேரம் வரை ஓரளவு வெளுப்பாகவே இருக்கும்.

பழத்தைப் பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவுவது இன்னொரு தவறு. பழத்தோலின் நுண்துளைகள் வழியே சோப்பு உள்ளே போகலாம். ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினாலே போதும். மெழுகுப் பூச்சு பற்றிக் கவலை என்றால் தோலைச் சீவிவிடுங்கள்.

ஆப்பிள் பாயசம் திரிந்துபோகிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். ஆப்பிளில் புளிப்பு உண்டு. துருவிய பழத்தை நேராகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் பால் திரியத்தான் செய்யும். துருவலை நெய்யில் போட்டு, விட்ட தண்ணீர் முழுவதும் சுண்டி, வாசனை மாறும் வரை வதக்கி ஆறவிடுங்கள். பாலைத் தனியே காய்ச்சிச் சுண்டவைத்து, அதுவும் ஆறிய பிறகு இரண்டையும் சேருங்கள். புளிப்புக் குறைந்த, நன்றாகப் பழுத்த பழமாக இருந்தால் சர்க்கரையும் அதிகம் தேவைப்படாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்கும் முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆப்பிள் அச்சு தேறாமல் போவது ஏன்?

குழந்தைகள் செய்யும் கைவேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. காம்பிலிருந்து கீழாக நெடுக்கே வெட்டினால் ஆப்பிளின் வடிவம் கிடைக்கும். குறுக்கே வெட்டினால் ஐந்து விதை அறைகளும் சேர்ந்து நடுவில் ஒரு நட்சத்திரம் தெரியும். அதை முதன்முதலில் பார்க்கும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு பழத்தைச் செலவழிக்கலாம்.

ஆனால் பல வீடுகளில் அச்சு சிவப்புத் திட்டாக முடிந்துவிடுகிறது. முதல் காரணம் பழம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இமாச்சலத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வரும் புதுப் பழம் கெட்டியாக இருக்கும். கிடங்கில் நாள்பட்ட சிவப்பு டெலிசியஸ் மாவுப் பதமாகிவிடும், அழுத்தினால் நீர் விட்டு வண்ணத்தைக் கரைத்துவிடும். மாவான பழத்தை வேகவைத்து மசிக்க வைத்துக்கொண்டு, அச்சுக்குக் கெட்டியான பச்சை ஆப்பிளை எடுங்கள். இரண்டாவது காரணம் ஈரம். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி, சில நிமிடம் காயவிட வேண்டும். மூன்றாவது, வண்ணத்தில் தண்ணீர் கலந்து தட்டில் குளமாக ஊற்றுவது. ஈரமான ஸ்பான்ஜில் கெட்டியான போஸ்டர் வண்ணத்தைத் தடவி, அதில் ஆப்பிளை ஒற்றியெடுத்தால் மெல்லிய பூச்சுதான் ஏறும், நட்சத்திரத்தின் ஐந்து முனையும் விழும். தாளுக்கு அடியில் பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாக வைத்தால் அச்சு இன்னும் தெளிவாகப் பதியும். பழத்தின் முதுகில் இருபுறமும் சிறிது செதுக்கிவிட்டால் சின்னக் கைக்குப் பிடி கிடைக்கும். வெட்டுவது, செதுக்குவது எல்லாம் பெரியவர் வேலை.

இதில் ஒரு பெரிய தவறும் இருக்கிறது. ஒரு பாதியில் அச்சுக் குத்திக்கொண்டே மறு பாதியைச் சாப்பிடக் கொடுப்பது. இந்த ஆப்பிள் வாய்க்கு, அந்த ஆப்பிள் வண்ணத்துக்கு என்ற வேறுபாடு இரண்டு வயதுக் குழந்தைக்குப் புரியாது. அச்சு வேலை இருக்கும் நேரத்தில் சாப்பிடும் ஆப்பிள் மேசைக்கு வரக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயது என்றால் வண்ணமே வேண்டாம், கெட்டியாக அரைத்த பீட்ரூட் விழுது போதும்.

குழந்தையின் கைவேலையைப் பெரியவர் செய்வது

காகிதத் தட்டு ஆப்பிளில் இது அடிக்கடி நடக்கிறது. வட்டம், இலை, காம்பு எல்லாவற்றையும் அம்மாவே வெட்டிவிடுவார். குழந்தைக்கு மிஞ்சுவது ஒட்டும் வேலை, அதுவும் கோணலானால் திருத்தப்படும். சிவப்புத் தாளைக் குழந்தையே துண்டு துண்டாகக் கிழித்து ஒட்டட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இயங்கும் அந்தக் கிழித்தல்தான் பின்னால் பென்சில் பிடிக்க உதவும். ஆப்பிள் மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் விட்டுவிடுங்கள், அந்த நிறங்களிலும் ஆப்பிள் உண்டு.

மைதாவும் உப்பும் பிசைந்து செய்யும் ஆப்பிள் உருவங்களை மூன்று வயதுக்குள் தவிர்க்கலாம். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு என்பதால் ஒரு கட்டியை விழுங்கினாலே உப்பு அளவுக்கு மிஞ்சிவிடும். அலங்காரத்துக்காக ஆப்பிள் வட்டங்களைக் கொடியில் உலர்த்துவது குளிர்நாட்டு வழக்கம். சென்னைக் காற்றின் ஈரத்தில் அவற்றில் பூஞ்சைதான் பிடிக்கும். குறைந்த சூட்டில் ஓவனில் உலர்த்த முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பொம்மை வாங்கும்போது

துளையிட்ட மர ஆப்பிளில் கயிற்றுப் புழுவை நுழைத்து விளையாடும் பொம்மை கைக்கு நல்ல பயிற்சி. ஆனால் நீளக் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம் என்பதால் விளையாடி முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும். வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் பழங்களில் விதை, இலை போன்ற சிறு பாகங்கள் கழன்று வருமா என்று இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் முழுவதும் அடங்கும் எந்தப் பாகமும் வாய்க்குள் போகக்கூடியது. பாட்டுப் பாடும் ஆப்பிள் என்றால் பட்டன் பேட்டரி இருக்கும் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாத பொம்மையைத் தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம்.

கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் வெப்பாலை மரத்தில் கடைந்து, அரக்கு மெருகேற்றிச் செய்யும் பொம்மைகளை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். ஆனால் அவற்றைப் பிளாஸ்டிக் பொம்மைகளோடு சேர்த்து வாளித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். மரம் வெடித்துவிடும், மெருகும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.