கொப்புளத்துக்குக் காரணம் கொக்கி

திருவொற்றியூரில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் தரம் பார்க்கிறேன். உலோகத்தின் மேல் பெயிண்ட் தூளைத் தூவி, ஓவனில் சுட்டு ஒட்டவைக்கிற வேலை. கோட்டிங் போட்டு அனுப்பிய இரும்புத் தகடுகளில் சில நாள் கழித்துச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சரக்கு திரும்பி வந்துகொண்டே இருந்தது. பவுடரை மாற்றினோம், ஓவன் சூட்டை அளந்தோம், கம்ப்ரெஸ்ஸரில் தேங்கிய தண்ணீரை வடித்தோம். பலனில்லை. ஒரு கோளாறுக்கான காரணங்களை வகை பிரித்து மீன்முள் போல வரைகிற இஷிகாவா வரைபடம் போட்டோம். ஆளுக்கொரு காரணம் சொல்லி எல்லா முள்ளும் நிரம்பியது. எதை முதலில் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் தகட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தாளில் வரைந்து, திரும்பி வந்த ஒவ்வொன்றிலும் கொப்புளம் இருந்த இடத்தில் புள்ளி வைத்தேன். அதுவரை எத்தனை தகடு கெட்டது என்று மட்டுமே எழுதிவந்தோம். புள்ளிகள் மேல் ஓரத்தில் சேர்ந்தன: முன்னால் ஒன்று, பின்னால் அதற்கு நேராக இன்னொன்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இடம்! கழுவி உலர்த்திய தகட்டைக் கோட்டிங் போடுவதற்காக வெறுங்கையால் கொக்கியில் மாட்டியதில், வியர்வை உப்பு கோட்டிங்குக்கு அடியில் தங்கி ஈரத்தை இழுத்திருக்கிறது.

கிளவுஸ் இருந்தும் ஏன் வெறுங்கை? மாட்டுகிற அண்ணனிடமே கேட்டேன். "கொக்கி வாய் சின்னது சார், கிளவுஸ் மாட்டிக்குது" என்றார். வாய் அகலமான கொக்கி வளைத்துக் கொடுத்தோம். அதன்பின் போன சரக்கு எதுவும் திரும்பவில்லை. பெரிய நிம்மதி.