லிஸ்ட் மாறும், ஸ்ட்ரிங் மாறாது: பைத்தன்ல தவிர்க்கவேண்டிய பிழைகள்

திருகோணமலையில உயர்தரத்துக்கு ஐசிடி படிக்கிற பிள்ளையள் பைத்தன் எண்ட நிரல் மொழியில எழுதின கோட் கொண்டுவந்து காட்டினா நான் முதல்ல பாக்கிறது, லிஸ்டையும் (பலதை வரிசையா வைக்கிற பட்டியல்) ஸ்ட்ரிங்கையும் (மேற்கோள் குறிக்குள்ள எழுதிற எழுத்துத் தொடர்) ஒண்டெண்டு நினைச்சு எழுதியிருக்கினமோ எண்டதைத்தான். ரெண்டுக்கும் இன்டெக்ஸ், அதாவது இட எண், சைபர்ல தொடங்கும், ரெண்டிலயும் நீளம் பாக்க லென் போடலாம், வெட்டி எடுக்கலாம். ஆனா லிஸ்ட் இருந்த இடத்திலயே மாறும், ஸ்ட்ரிங் ஒருக்காலும் மாறாது.

ஊர் = "நிலாவேளி" எண்டு பிழையா அடிச்சாச்சு, திருத்த ஊர்.ரிப்ளேஸ்("வே", "வெ") போட்டுட்டு பிரிண்ட் பண்ணினா பழைய நிலாவேளிதான் வரும். ரிப்ளேஸ் தாறது புது ஸ்ட்ரிங், அதை திரும்ப ஊர் = எண்டு பிடிச்சு வைக்கவேணும். ஸ்ட்ரிப், அப்பர் எல்லாம் அப்பிடித்தான். இது பழகின கையோட லிஸ்டுக்கும் பாதை = பாதை.சோர்ட்() எண்டு எழுதுவினம், அங்க சோர்ட் லிஸ்டை உள்ளுக்கயே அடுக்கிப்போட்டு நன் (ஒண்டுமில்லை) எண்டதைத்தான் திருப்பித் தரும், பாதையில இருந்த லிஸ்ட் போச்சு. அடுக்கின புது லிஸ்ட் வேணுமெண்டா சோர்ட்டட் இருக்கு.

ஆக மோசமானது கொப்பி எடுத்ததா நினைக்கிறது. பாதை = ["உப்புவெளி", "சாம்பல்தீவு", "நிலாவெளி"], திரும்பி = பாதை. இப்ப திரும்பி.ரிவர்ஸ்() போட்டா பாதையும் தலைகீழாகும், ஏனெண்டா வீட்டில ஒரு பேர் பள்ளிக்கூடத்தில ஒரு பேர் எண்டு கூப்பிட்டாலும் ஆள் ஒண்டுதானே. எரர் ஒண்டும் வராது, விடை மட்டும் பிழைக்கும், அதாலதான் பிள்ளையள் மணித்தியாலக்கணக்கா தேடுறது. கொப்பி வேணுமெண்டா திரும்பி = பாதை[:] எண்டு எடுங்கோ. லிஸ்டுக்குள்ள லிஸ்ட் இருந்தா அது காணாது, உள் லிஸ்டையும் சேத்து கொப்பி எடுக்கிற டீப்கொப்பி வேணும்.

லிஸ்ட் எழுதேக்க நடுவில கமா போடாம விட்டா "உப்புவெளி" "நிலாவெளி" ரெண்டும் ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காகிடும், இதுக்கும் எரர் இல்ல. பாதை += "மூதூர்" எண்டு போட்டா ஊர் ஒண்டு சேராது, ம, ூ, த, ூ, ர, ் எண்டு ஆறு துண்டு சேரும். ஊரை முழுசாச் சேர்க்க அப்பென்ட் பாவியுங்கோ.

அந்த ஆறு துண்டு ஏன் வந்தது எண்டு தமிழ்ல வேலை செய்யிற நாங்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ளோணும். "திருகோணமலை" எங்களுக்கு 6 எழுத்து, லென் 10 எண்டு சொல்லும். பைத்தன் எண்ணுறது எழுத்துகளைக் கணினியில வைக்கிற யூனிகோட் முறையின்ர குறியீடுகளை, "தி" எண்டா த தனி, விசிறி (ி) தனி. அதால முதல் எழுத்தை [0] எண்டு எடுத்தா "த" மட்டும்தான் வரும், [::-1] போட்டுத் திருப்பினா விசிறியும் கொம்பும் வேற எழுத்துகளோட போய் ஒட்டிக்கொள்ளும். இதுக்கு மேல "கோ"வில இருக்கிற ோ ஒரே குறியீடாவும் வரலாம், ே யும் ா வும் தனித்தனியாவும் வரலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான் ஆனா == போட்டு ஒப்பிட்டா ஃபோல்ஸ், அதாவது ஒண்டில்லை எண்டு வரும். வெளியில இருந்து வாற தமிழை ஒப்பிட முன்னம் யூனிகோட்டேட்டா மொடியூல்ல நார்மலைஸ் எடுத்து ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சிக்கு (பிரிஞ்சு வாறதை ஒரே குறியீடாச் சேர்க்கிற வடிவம்) மாத்துங்கோ. எழுத்து எண்ணவேணுமெண்டா அதே மொடியூல்ல கட்டகறி (குறியீட்டின்ர வகை) எம்-ல தொடங்கிற, விசிறி கொம்பு மாதிரியான குறியீடுகளை விட்டுட்டு மிச்சத்தை எண்ணினா திருகோணமலைக்கு 6 வரும்.