விட்டுப்போன ஆங்கிலப் பாடத்தை எப்படிப் பிடிப்பது?

அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆகஸ்ட் மாதம் வந்தால் யாராவது ஒரு பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கும். "மிஸ், மூணு பாடம் விட்டுப்போச்சு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" காய்ச்சலில் ஒரு வாரம் போயிருக்கும், இல்லையென்றால் மாலை நேரமெல்லாம் கணக்கு டியூஷனுக்குப் போயிருக்கும்.

விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நாளைக்கு வகுப்பில் எது நடக்கப்போகிறதோ, அதை இன்று இரவு படியுங்கள். பழையதைத் துரத்திக்கொண்டிருந்தால் நாளைய பாடமும் விட்ட கணக்கில் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்றாம் பாடம் தெரியாவிட்டாலும் நான்காம் பாடம் புரியும். 2019-ல் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் 6 யூனிட். ஒவ்வொன்றிலும் ஓர் உரைநடை, ஒரு கவிதை, ஒரு துணைப்பாடம். மொத்தமே 18தான். விட்டவற்றை ஞாயிறு காலையில் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும், கைடு பைக்குள்ளேயே இருக்கட்டும். ஜார்ஜ் ஆர்வெல் தேநீர் போடுவதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் அவர் 11 விதிகள் சொல்கிறார். ஓரத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழிலேயே இரண்டு சொல் எழுதுங்கள்: 'பானையைச் சூடாக்கு', 'டிகாஷன் முதலில், பால் பிறகு', 'சர்க்கரை கூடாது'. தெரியாத சொல் வந்ததும் அகராதியைத் தேட வேண்டாம். அடிக்கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அதே சொல் மறுபடி வந்து வழியை மறித்தால் அப்போது பார்க்கலாம். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சர்க்கரை இல்லாம டீ குடிக்கிறவருக்கு டீயைப் பத்தி என்ன மிஸ் தெரியும்?" என்று கேட்டாள். "அதையே எழுதும்மா" என்றேன். அவளுடைய பாரா விடை அன்றைக்கே முடிந்துவிட்டது. பாடத்தோடு இப்படிச் சண்டை போட ஒரு இடம் கிடைத்தால் எழுதுவது பாதி முடிந்த மாதிரி.

அதே புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை முதலில் தமிழில் படியுங்கள். தப்பே இல்லை, நானே படிக்கச் சொல்வேன். கதை மனதில் இருந்தால் ஆங்கில வாக்கியம் பயமுறுத்தாது.

கவிதையை வாய்விட்டு மூன்று முறை படியுங்கள், பொருள் அப்புறம். கவிதை வரியைக் கொடுத்து இடம் சுட்டி விளக்கச் சொல்லும் 'இஆர்சி' (ERC) கேள்விக்கு யார் எழுதியது, எந்தக் கவிதை, எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். காதில் விழுந்த வரி அந்த நேரத்தில் தானாக வரும்.

இனி அசைன்மென்ட். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். வாட்ஸ்அப் குழுவில் வருவதை அங்கேயே விட்டுவிட்டால் நூறு 'குட் மார்னிங்'குக்கு அடியில் போய்விடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன வேலை, என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். பாடம் நடந்த அன்று மாலையே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து 10 வரி ரஃப் நோட்டில் எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். ஞாயிறு இரவு தோழியின் நோட்டைப் பார்த்து எழுதினால் அவளுடைய எழுத்துப்பிழையும் சேர்ந்து வரும். ஒரே தப்பு ஐந்து நோட்டில் அப்படியே இருப்பதைத் திருத்தும்போது பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

முடிக்க முடியவில்லையா? சரி, கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாளே வந்து சொல்லுங்கள். வெறுங்கையோடு வர வேண்டாம், எழுதிய அரைப் பக்கத்தையாவது கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று அதைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். அங்கிருந்து சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.