மகஜரில் முந்திக்கொண்டு வரும் குற்ற எண்

போன வாரம் பயிற்சி எஸ்ஐக்களின் சட்டத் தேர்வுத் தாள் 42 திருத்தினேன். அதில் 39 பேர் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் எழுதும் ஆவணத்தில், ஒரே தவறைச் செய்திருந்தார்கள். எல்லாம் பட்டதாரிகள்; சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, நேர்முகம் எல்லாம் தாண்டி வந்தவர்கள். அதே தவறை 22 வருடத்துக்கு முன்னால் நானும் செய்தேன். அதற்கு விலையும் கொடுத்தேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஷூவுக்குப் பாலிஷ் போடாமல் வருவது, கவாத்தில் இடதும் வலதும் மாறுவது, வகுப்பில் தூங்குவது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கவாத்துப் போதகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் குரலும் பெரியது. நான் சட்ட வகுப்பு எடுப்பவன். என் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பழைய எண்கள்

2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்), பிஎன்எஸ்எஸ் (குற்ற நடைமுறைச் சட்டம்), பிஎஸ்ஏ (சாட்சியச் சட்டம்) மூன்றும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் வீட்டில் அப்பா, மாமா யாராவது போலீஸில் இருந்தால் பையன் காதில் 302, 420 தவிர வேறு எண் விழுந்திருக்காது. பழக்கதோஷத்தில் கொலை வழக்குக்கு ‘பிஎன்எஸ் 302’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பிஎன்எஸ்ஸில் 302 என்பது ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே பேசும் குற்றம். கொலைக்கு 103. ஆள் செத்துக் கிடக்கிறார், இவர் ‘வார்த்தை பேசினான்’ என்று வழக்குப் போடுகிறார்.

இதைவிட நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. சம்பவம் 2024 ஜூன் 30இல் நடந்து, புகார் ஆகஸ்டில் வந்தால்? குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம், பதிவுக்கும் புலன் விசாரணைக்கும் புதிய பிஎன்எஸ்எஸ். சம்பவ நாளைப் பார்க்காமல் பிரிவு போடாதீர்கள். ‘294(பி), 323, 324, 506(2)’ என்று நாங்கள் மந்திரம் போல எழுதிய அடிதடி வழக்கு இப்போது ‘296(பி), 115(2), 118(1), 351(3)’ ஆகிவிட்டது. இதுவும் இன்னும் பத்து வருடத்தில் மந்திரம் ஆகிவிடும், கவலை வேண்டாம்.

சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து

வாங்காதீர்கள். பிஎன்எஸ்எஸ் 181 தடுக்கிறது.

குற்ற எண்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி இதுதான்: ரோந்து போகும்போது பேருந்து நிறுத்தத்தில் கைப்பையோடு நிற்பவரைச் சோதிக்கிறீர்கள், பையில் கஞ்சா இருக்கிறது, கைப்பற்றுதல் மகஜர் எழுதுக. 39 பேரும் தாளின் தலையில் ஸ்டேஷன் பெயர், பிரிவு, குற்ற எண் மூன்றையும் அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். கேள்வியில் நான் குற்ற எண்ணே கொடுக்கவில்லை. அவர்களாகவே ஒரு எண்ணைக் கற்பனை செய்து போட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். எஃப்ஐஆர் இன்னும் போடவில்லை. ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகுதான் போடப்போகிறீர்கள். எஃப்ஐஆர் போட்டால்தான் எண் விழும். அப்படியானால் மகஜரில் எண் எங்கிருந்து வந்தது?

என் கதையைச் சொல்கிறேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குத் தகவல் வந்தது, ஆறேகாலுக்கு ஆளைப் பிடித்தோம். மஞ்சப்பையில் 1.2 கிலோ கஞ்சா. ஒரு கிலோவைத் தாண்டிவிட்டதால் அது சிறு அளவு இல்லை. பத்து வருடம் வரை தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிலும் கூட்டம், தெருவிளக்கு எரியவில்லை, டார்ச்சுக்கு பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. கூட வந்த ஏட்டையா அனுபவசாலி. “ஐயா, இங்க நின்னு கொசுக்கடியில எழுத வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போய்ப் பொறுமையா எழுதிக்கலாம்” என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

ஸ்டேஷனுக்குப் போனோம். எட்டரைக்கு எஃப்ஐஆர் போட்டோம். அப்புறம் டீ குடித்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அச்சுப் போன்ற கையெழுத்தில் மகஜர் எழுதினேன். நேரம்: மாலை 6.45. இடம்: பேருந்து நிறுத்தம். தலையில் குற்ற எண். உடல் சோதனைக்கு முன் கொடுக்க வேண்டிய, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அறிவிப்பு, கைதுக் குறிப்பு, சாம்பிள் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு எல்லாவற்றிலும் அதே எண். ஒன்றுகூட விடுபடவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு “பேப்பர் சுத்தமா இருக்கு” என்று பாராட்டினார்.

இரண்டு வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தவே இல்லை. மகஜர் எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்று கேட்டார். 6.45 என்றேன். எங்கே வைத்து என்றார். சம்பவ இடத்திலேயே என்றேன். எஃப்ஐஆர்? 8.30. “மகஜரின் முதல் வரியைக் கொஞ்சம் வாசியுங்கள்” என்றார். வாசித்தேன். “8.30க்குப் பிறந்த எண் 6.45க்கு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?”

தட்டச்சர் பதிலுக்காக விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சொல்ல ஒன்றுமில்லை. ‘பிறகு சேர்த்தேன்’ என்று சொல்லலாம். ஆனால் தாளில் அப்படி ஒரு குறிப்பு இல்லை, மையும் ஒன்று, கையெழுத்தும் ஒன்று, வரியும் நேராக இருக்கிறது. ‘ஸ்டேஷனில் எழுதினேன்’ என்று உண்மையைச் சொன்னால் அதற்கு முந்தின பதில் பொய் ஆகிவிடும். அந்த ஒரு எண்ணை வைத்தே கைப்பற்றியது, சோதனை போட்டது, கைது செய்தது எல்லாமே ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிய கதை என்று அவர் வாதாடினார். ஆள் விடுதலை. பையில் கஞ்சா இருந்தது நிஜம், நான் பிடித்தது நிஜம். நேரத்தை மட்டும் பொய்யாக எழுதினேன். அதனால் நிஜமும் சேர்ந்து போயிற்று.

வழக்கு தோற்றது ஒரு பக்கம். பயிற்சியில் மகஜர் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்தக் காலத்தில் கேள்வியிலேயே குற்ற எண், தேதி, நேரம் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். தலைப்பு முழுசாக இருந்தால் இரண்டு மதிப்பெண். தலைப்பை நிரப்பவே எங்களைப் பழக்கினார்கள். வெற்றிடத்தைப் பார்த்தால் கை தானாக நிரப்புகிறது. தேர்வில் மதிப்பெண் வாங்கித்தந்த பழக்கம் கோர்ட்டில் வழக்கைத் தின்றுவிட்டது.

சரி, என்ன செய்வது? ரோந்தில் பிடித்த வழக்கென்றால் மகஜரில் குற்ற எண்ணுக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். அசிங்கமாகத் தெரியும், தெரியட்டும். எஃப்ஐஆர் போட்ட பிறகு ஓரத்தில் எண்ணை எழுதி, ‘பின்னர் சேர்க்கப்பட்டது’ என்று தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். குறுக்கு விசாரணையில் கேட்டால் அந்த ஓரக் குறிப்பைக் காட்டலாம். சம்பவ இடத்தில் எழுதவே முடியாத நிலை என்றால், கூட்டம் கல்லெறிகிறது, மழை கொட்டுகிறது என்றால், ‘இன்ன காரணத்தால் ஸ்டேஷனில் வைத்து இத்தனை மணிக்கு எழுதப்பட்டது’ என்று மகஜரிலேயே எழுதுங்கள். எதிர்த்தரப்பு கேள்வி கேட்கத்தான் செய்யும். உண்மையைச் சொன்னவனுக்குப் பதில் சொல்ல வாய் இருக்கும்.

‘அதெல்லாம் அந்தக் காலம் ஐயா, இப்போது வீடியோ எடுக்கிறோமே’ என்று ஒரு பயிற்சி எஸ்ஐ சொன்னார். அங்கேதான் மாட்டப்போகிறீர்கள். பிஎன்எஸ்எஸ் 105 சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்யச் சொல்கிறது. பொருளைக் காட்டினால் மட்டும் போதாது. பட்டியல் எழுதுவதும் சாட்சிகள் அதில் கையெழுத்துப் போடுவதும் பதிவில் வர வேண்டும். எங்கள் விடுதிக்குப் பின்னால் மாதிரிச் சம்பவ இடம் அமைத்துப் பயிற்சி கொடுத்தோம். ஒரு குழு பையைத் திறப்பதை மூன்று நிமிடம் எடுத்துவிட்டு போனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. மகஜரை அப்புறம் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். இடம் என்ற கட்டத்தில் ‘சம்பவ இடம்’ என்று போட்டார்கள். நான் வாங்கியது ஒரு வக்கீலின் கேள்வி. இவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியைத் தங்கள் போனிலேயே தயாரித்து, நேரத்தோடு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பி வைப்பார்கள்.

அந்த 42 பேரில் மீதி மூன்று பேர் குற்ற எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் மறந்துபோய் விட்டவர்கள். ஒரு பெண் மட்டும் தெரிந்தே விட்டிருந்தார். தாளை வாங்கிக்கொண்டு போகும்போது, “தலைப்பு முழுசா இல்லைன்னு மார்க் குறைப்பீங்களா ஐயா?” என்று கேட்டார்.

ஒப்புதல் வாக்குமூலம்

பிடிபட்டவர் ‘நான்தான் குத்தினேன், கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்’ என்றால், அதை நான்கு பக்கம் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டு வழக்கு முடிந்தது என்று உட்காருகிறார்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பிஎஸ்ஏ 23. அவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாக ஒட்டிய பகுதி மட்டும் தேறும். ‘கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்’ தேறும், ‘குத்தினேன்’ தேறாது. இதற்கு அடிப்படையான 1946ஆம் வருட பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பு, புலுகுரி கோட்டையா வழக்கு, அன்றைய மதராஸ் மாகாணத்து குண்டூர் பக்கத்திலிருந்து போனது. வகுப்பில் இதை மூன்று தடவை சொல்வேன். தேர்வில் நான்கு பக்கம் வரும்.

சிஎஸ்ஆர் (புகார் ரசீது) கொடுத்து அனுப்புவது

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்ய பிஎன்எஸ்எஸ் 173(3) இடம் கொடுக்கிறது. அந்த அனுமதியை வாங்காமலே ‘விசாரிக்கிறோம்மா, ரசீது வாங்கிட்டுப் போங்க’ என்று சொல்வதை ஸ்டேஷன் பயிற்சிக்குப் போன முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எவ்வளவு வேகம்!

துப்பாக்கிச் சுடுதளத்தில் பேச்சு

பேசாதீர்கள்.

ஸ்டேஷன் பயிற்சி

நடைமுறைப் பயிற்சிக்குப் போனதும் முதல் நாளே யாராவது ஒருவர், “பயிற்சிப் பள்ளியில படிச்சதையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வாங்க” என்பார். பாதி உண்மை. பொதுநாட்குறிப்பு எழுதுவது, அஞ்சு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யாரிடம் முதலில் கேட்பது, இதெல்லாம் அங்கேதான் வரும். மீதிப் பாதிக்கு, உங்களை பந்தோபஸ்துக்கு அனுப்பாத நாளில் ஸ்டேஷன் ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். யாரையாவது பிடித்துக் கொண்டுவந்தால், மகஜர் தாளில் அவர் முதலில் எந்தக் கட்டத்தை நிரப்புகிறார் என்று மட்டும் பாருங்கள்.