மாமன் மகன் நண்பன் ஆவானா?

குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், பிள்ளைகளின் நடத்தையை அறிய எஸ்.டி.க்யூ (Strengths and Difficulties Questionnaire) என்ற வினாப் படிவத்தை அம்மாக்களிடம் கேட்டு நிரப்பினோம். மொத்தம் 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். நாள் முழுக்கக் கும்பலாகப் பந்து விளையாடும் பையன்களுக்கே, பிறரோடு பழகும் பகுதியில் சிக்கல் மதிப்பெண் ஏறி நின்றது.

முதலில் எக்செலைச் சந்தேகித்தேன். 'நல்ல நண்பர் ஒருவராவது உண்டு' என்பது தலைகீழாக மதிப்பிட வேண்டிய கேள்வி. 'இல்லை' என்றால்தான் 2. சூத்திரம் சரியாகவே இருந்தது. அப்புறம், ஆங்கிலப் படிவத்தின் தமிழாக்கத்தில் பிழையோ என்று அதை மறுபடி ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்த்தோம். இரண்டு நாள் போனது, பிழை ஒன்றும் இல்லை.

கடைசியில், வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நண்பன் எவனும் இல்ல டீச்சர். கூட விளையாடுகது எல்லாம் மாமன் மகனும் சித்தி மகனும்லா!"

அவர்களுக்கு நண்பன் என்றால் வெளியாள். சொந்தக்காரப் பிள்ளை அந்தக் கணக்கில் வரவே இல்லை. திருப்பி மொழிபெயர்த்தால் இது சிக்காது. சொல் சரி, அது சுட்டும் ஆள்தான் வேறு.

படிவத்தின் வாசகத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அனுமதி கேட்டு வாங்கி, "சொந்தக்காரப் பிள்ளையாக இருந்தாலும் சரி" என்று சேர்த்து, அதே வீடுகளில் மறுபடி கேட்டோம். பந்து விளையாடும் பையன்களின் மதிப்பெண் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது.