தீவைப் பகலில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

எங்கள் குடும்பத்தில் விடுமுறை ஏற்பாடு எப்போதும் என் தலையில்தான் வந்து விழும். அண்ணன் வீட்டார், பெரியம்மா, தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் என எல்லாரையும் படகேற்றிக் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். "அமைதியான இடமாப் பாரு" என்று சொல்பவர்தான் போய் இறங்கியதும் "பக்கத்துல கடை ஏதும் இல்லையா?" என்பார். அதனால் எந்தத் தீவு வேண்டும் என்று நான் யாரையும் கேட்பதில்லை. இரவு ஏழரைக்கு மேல் என்ன செய்ய ஆசை என்று கேட்கிறேன்.

பகலில் எல்லாத் தீவும் ஏறக்குறைய ஒன்றுதான்: மணல், தண்ணீர், வெயில், பசி. ஏழு மணி வாக்கில் சூரியன் இறங்கிய பிறகுதான் ஊரின் குணம் தெரியும். ஓர் இடத்தில் விளக்கும் பாட்டும் இருக்கும், பத்து மணிக்கும் சூடாக எதையாவது வாங்கித் தின்னலாம். இன்னோர் இடத்தில் பூச்சிகளின் சத்தமும் கொசுக்கடியும்தான். "சாப்பிட்டுவிட்டுக் கதை பேசித் தூங்குவேன்" என்று பதில் வந்தால் அமைதியான தீவு. "ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்" என்று வந்தால், வாய் அமைதி என்று எத்தனை முறை சொன்னாலும், அவருக்குக் கலகலப்பான தீவுதான்.

சந்தேகம் தீரவில்லையா? தங்கும் விடுதிக்குப் பணம் கட்டுமுன் ஒத்திகை பாருங்கள். சிங்கப்பூரின் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகு போகிறது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் மொத்தப் படகுக்கும் பணம் கொடுத்துப் போகலாம். இறங்கியதும் சைக்கிள் கடைகளைத் தாண்டி உள்ளே போய், மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை நிழலில் ஓர் இடத்தில் உட்காருங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். கூட வந்தவர் "அப்புறம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. உபினில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் வற்றும் நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் அரை மீட்டர் அளவுக்கு இறங்கினால்தான் அங்கே உயிரினங்கள் கண்ணில் படும்.

இதைவிடக் கடுமையான ஒத்திகை செயின்ட் ஜான்ஸ் தீவு. மரினா சவுத் படகுத்துறையில் ஏற வேண்டும், எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கடையை நம்பிப் போகாதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் கையோடு போகட்டும். அங்கிருந்து லாசரஸ் தீவுக்கு நடந்தே போய்விடலாம். வெள்ளை மணல் கடற்கரை அந்தப் பக்கம்தான். கப்பலேறி வந்தவர்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைக்கும் நிலையம் செயின்ட் ஜான்ஸில் 1874-இல் தொடங்கியது. நம் பாட்டன்மார் காலத்தில் அந்த அமைதியை யாரும் காசு கொடுத்துத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். இன்றைக்கு உங்களுக்கு முக்கியம் கடைசிப் படகின் நேரம். போகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கலகலப்புக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை, செந்தோசா தீவு இருக்கிறது. விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து நடைபாதை வழியாக நடந்தே போகலாம். ஆனால் செந்தோசா முழுக்க ஒரே இரைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். சிலோசோ கடற்கரையில் கூட்டம் அலைமோதும்போது மறுகோடியில் தஞ்சோங் கடற்கரை, அதுவும் வாரநாள் காலையில், அடங்கியே இருக்கும். பிள்ளைகள் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு, பெரியவர்கள் தஞ்சோங்குக்கு, இரவுச் சாப்பாடு ஒன்றாக. வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் இதைவிட மலிவான சமாதானம் எனக்குத் தெரியாது.

கடல் தாண்டுவதென்றால் இந்தோனேசியத் தீவுகளான பாத்தாமும் பிந்தானும். பாத்தாமுக்கு ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே நகோயா பக்கம் தங்கினால் கடைத்தொகுதி, கடலுணவு, உடம்புபிடி எல்லாம் கூப்பிடு தூரம். பிந்தானின் லாகோய் பக்கத்து விடுதிகளுக்குத் தானா மேராவிலிருந்து படகு, அதே ஒரு மணி நேரம்தான், ஆனால் வேறு உலகம். விடுதி வளாகத்தைத் தாண்டினால் மரங்கள். சாப்பாடு பெரும்பாலும் விடுதியிலேயே, விடுதி விலையில். அமைதி மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு தீவிலும் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். திரும்பும் படகுச் சீட்டில் இருப்பது அங்குள்ள நேரம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா விதியை முதலில் பாருங்கள், விடுதியை அப்புறம் பார்க்கலாம்.

மலேசியாவின் தியோமான் தீவில் இரண்டு வகையும் உண்டு. மேற்குக் கரையில் தெக்கெக், சலாங் கிராமங்கள் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும். கிழக்கில் ஜுவாரா ஒதுங்கிக் கிடக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு தியோமான் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், பல விடுதிகள் மூடிக் கிடக்கும். மற்ற மாதங்களிலும் மலேசியக் கரையில் மெர்சிங்கிலிருந்து புறப்படும் படகு கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். அன்றே வேலைக்குத் திரும்ப வேண்டியவர் அந்த வழிக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

சைவக்காரர் கூட வந்தால் கணக்கே மாறும். என் பெரியம்மா வெள்ளிக்கிழமை மீன் வாசனைகூடப் படாதவர். அமைதியான தீவில் இருப்பதே ஒன்றிரண்டு சமையலறைகள்தான். கங்கோங் கீரை கேட்டாலும் அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது விழுந்திருக்கும், கறி இல்லை, அதனால் சைவம் என்று கொண்டுவந்து வைப்பார்கள். பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், முட்டை, பெலாச்சான் நான்கும் வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அந்த வெள்ளிக்கிழமை இரவை பாத்தாமில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை முதல் அமைதியைத் தேடுங்கள்.