பிசினஸ் டிக்கெட்டுக்கு மைல்ஸ் எவ்வளவு வரும்? காசு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திருகோணமலையில் இருந்து வெளிநாடு போகிற ஆளுக்குப் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வாகனத்தில் அரை நாள் குந்தியிருந்த பிறகுதான் விமானமே. அதன் பிறகு துபாய், அதற்குப் பிறகு ரொறன்ரோ. முழங்கால் நோவோடு இருக்கிற அம்மாவுக்குப் பிள்ளைகள் பிசினஸ் வகுப்பில் சீட்டுப் போடச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. உவர்மலையில் வீட்டு முன்னறையில் இருந்துதான் நான் டிக்கெட் போடுகிறேன். இப்படி வருகிறவர்கள் விலையைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்பது, "அப்ப மைல்ஸும் நிறைய வரும்தானே அக்கா?" மைல்ஸ் என்பது பறக்கிறவருக்கு விமான நிறுவனம் அவருடைய அங்கத்துவக் கணக்கில் போடும் புள்ளி. சேர்த்து வைத்துப் பிறகு டிக்கெட் எடுக்கவோ வகுப்பை உயர்த்தவோ பாவிக்கலாம்.

முந்தி என்றால் "ஓம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இப்போது டிக்கெட்டைப் பிரித்துப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

பழைய கணக்கு தூரக் கணக்கு. கொழும்பில் இருந்து லண்டன் சுமார் 5,400 மைல். எக்கனமியில் போனால் அதில் ஒரு பங்கு, பிசினஸில் போனால் ஒன்றரை மடங்கு அல்லது அதற்கு மேல். எவ்வளவு மலிவாக வாங்கினீர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் டெல்டா, யுனைட்டெட் என்ற விமான நிறுவனங்கள் 2015இல் இதை மாற்றி, கட்டிய காசுக்கு ஏற்பத்தான் மைல்ஸ் என்றார்கள். அமெரிக்கன் எயார்லைன்ஸ் 2016இல் பின்னால் வந்தது. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2023 ஒக்டோபரில் மாறியது. 2025 ஏப்ரலில் இருந்து அங்கே வெள்ளி, தங்கம் போன்ற அங்கத்துவப் படிகளுக்கான புள்ளியும் செலவழித்த காசை வைத்துத்தான். எயார் கனடாவின் மைல்ஸ் திட்டமான ஏரோபிளான் 2026 ஜனவரி முதலாம் திகதி அதே வழிக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் இருக்கிற இரண்டு நாடுகளின் பெரிய நிறுவனங்களும் மாறிவிட்டதால், மகன் ஐந்து வருடத்துக்கு முன் வந்த மைல்ஸை நினைத்துக்கொண்டு சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

சரி, முதலில் செய்ய வேண்டியது: விலையை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். டிக்கெட்டின் மொத்த விலைக்குள் மூன்று சாமான் இருக்கும். அடிப்படைக் கட்டணம் ஒன்று. எரிபொருள் மேலதிகம் என்றோ வேறு பெயரிலோ விமான நிறுவனமே போடும் கட்டணம் இன்னொன்று. மூன்றாவது அரசாங்கமும் விமான நிலையமும் அறவிடும் வரி. பொதுவாக முதல் இரண்டுக்கும் மைல்ஸ் உண்டு, மூன்றாவதுக்கு இல்லை. முகவர் ஒரே தொகையாகச் சொன்னால் விடாதீர்கள். அவருடைய கணினியில் இந்தப் பிரிவு வரி வரியாக இருக்கும்.

கணக்குப் பார்க்க ஒரு உதாரணம் வைப்போம். போய்வர 2,300 பவுண், அதில் வரி 300. மிச்சம் 2,000. பிரிட்டிஷ் எயார்வேஸில் அடிமட்ட அங்கத்தவருக்கு ஒரு பவுணுக்கு 6 ஏவியோஸ் (அவர்களுடைய மைல்ஸுக்கு அதுதான் பெயர்) வீதம் 12,000. தங்க அங்கத்தவருக்கு 9 வீதம் 18,000. இதே பயணத்தைத் தூரக் கணக்கில், 150 சதவீதம் என்று பார்த்தால், போய்வர 10,800 மைலுக்கு 16,200 வரும். இப்போது அதே இருக்கை மலிவு விற்பனையில் வரி நீங்கலாக 1,200 பவுணுக்குக் கிடைத்தது என்று வையுங்கள். செலவுக் கணக்கில் 7,200தான். தூரக் கணக்கில் அப்பவும் 16,200.

இதில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது தெரிகிறதல்லவா? மாதக் கணக்கில் காத்திருந்து மலிவு பிசினஸ் பிடிக்கிற எங்கள் சனத்துக்கு நட்டம். நாளைக்குப் போக வேண்டும் என்று இன்றைக்கு முழு விலைக்கு எடுக்கிற கம்பனிக்காரருக்கு லாபம். சீனன்குடா ஆலைக்கு வந்து திரும்புகிற வெளிநாட்டுப் பொறியியலாளர் கம்பனிக் காசில், வரி நீங்கலாக 4,000 பவுண் டிக்கெட்டில் பறந்தால் அவருக்கு 24,000. என் பார்வையில் இந்த மாற்றம் செய்யப்பட்டதே அவருக்காகத்தான். அது அவர்களுடைய வியாபாரம், நாங்கள் எங்கள் கணக்கைப் பார்ப்போம்.

இங்கேதான் ஒரு கதவு திறந்திருக்கிறது. செலவுக் கணக்கு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த விமான எண்ணில் பறந்தால்தான். கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறந்து அதன் மைல்ஸை இங்கே போட்டால், பல திட்டங்களில் இன்னமும் தூரமும் வகுப்பும்தான் கணக்கு. பிரிட்டிஷ் எயார்வேஸும் கட்டார் எயார்வேஸும் இருக்கிற ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் சேர்ந்தது. அதனால் கொழும்பில் இருந்து நேரே லண்டன் போகும் ஸ்ரீலங்கன் விமானத்தின் மைல்ஸை அவர்களுடைய ஃபிளைஸ்மைல்ஸ் திட்டத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்கிலும் போடலாம், கட்டார் கணக்கிலும் போடலாம். மலிவு விலைக்கு வாங்கிய பிசினஸ் டிக்கெட் என்றால் தூரக் கணக்கில் போடும் வழியைத் தேடுங்கள். அதிக விலைக்கு வாங்க நேர்ந்தால் செலவுக் கணக்கு நல்லது.

எந்த நிறுவனத்தின் டிக்கெட் என்பதை அறிய டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 603 என்றால் ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ், 157 கட்டார், 125 பிரிட்டிஷ் எயார்வேஸ், 014 எயார் கனடா. பிறகு பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் விமான எண் யாருடையது, உண்மையில் ஓட்டுவது யார் என்றும் பாருங்கள். எமிரேட்ஸும் எயார் கனடாவும் 2022இல் கூட்டுச் சேர்ந்த பிறகு ஒரு நிறுவனத்தின் எண்ணில் மற்ற நிறுவனத்தின் விமானம் பறப்பது சாதாரணம். ஒரு பறப்புக்கு ஒரு திட்டத்தில் மட்டும்தான் மைல்ஸ் கிடைக்கும். இரண்டு இடத்திலும் எண்ணைக் கொடுத்துப் பார்ப்போம் என்பது நடக்காது.

அடுத்தது வகுப்பு எழுத்து. டிக்கெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஜே என்றால் அநேகமாக முழு விலைப் பிசினஸ், ஒய் என்றால் முழு விலை எக்கனமி. இடைப்பட்ட எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் பிசினஸுக்குரிய எழுத்து இன்னொன்றில் எக்கனமிக்கு இருக்கும். ஆகவே எழுத்தை எழுதி எடுத்துக்கொண்டு, நீங்கள் மைல்ஸ் போடப்போகும் திட்டத்தின் பட்டியலில், பறக்கப்போகும் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே தேடுங்கள். அந்தப் பட்டியலில் எழுத்தே இல்லை என்றால் மைல்ஸும் இல்லை. முகவர்கள் மொத்தமாக எடுத்து விற்கும் மலிவு இருக்கைகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

இன்னொரு விஷயம் மைல்ஸை விடப் பெரியது. எமிரேட்ஸில் பிசினஸுக்குள்ளேயே ஸ்பெஷல், சேவர், ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸ் பிளஸ் என்று தரம் உண்டு. ஸ்பெஷலுக்கு மைல்ஸ் குறைவு. 2019இல் அதைக் கொண்டுவந்தபோதே ஓய்வறை அனுமதியை அதில் இருந்து எடுத்துவிட்டார்கள். கட்டாரின் பிசினஸ் லைட்டும் ஓய்வறை இல்லாமல்தான் வந்தது. கட்டுநாயக்காவுக்கு அரை நாள் வந்து, டோஹாவில் இன்னும் பல மணித்தியாலம் காத்திருக்கப்போகிற அம்மாவுக்கு அந்த ஓய்வறை வேண்டுமா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வேண்டும் என்றால் ஒரு தரம் கூட்டி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மைல்ஸுக்காக மட்டும் கூட்டி வாங்குவதை நான் மறித்துவிடுவேன். ஒரு ஏவியோஸுக்கு ஒரு பென்ஸுக்கு மேல் நான் மதிப்புப் போடுவதில்லை. அந்தக் கணக்கில் 9,000 ஏவியோஸ் கூட வருவது 90 பவுண். அதற்காக 300 பவுண் கூடக் கொடுக்கிறவர்களை என்ன சொல்ல!

இப்போது பெயர். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மைல்ஸ் போவது பறக்கிற ஆளுக்கு, காசு கட்டுகிற ஆளுக்கு இல்லை. மகன் தன் அட்டையில் கட்டினாலும் டிக்கெட் அம்மாவுடையது, மைல்ஸும் அம்மாவுடையது. அம்மாவின் பெயரில் கணக்கு இல்லாவிட்டால், மகனுடைய அங்கத்துவ எண்ணை அம்மாவின் டிக்கெட்டில் போட்டுப் பிரயோசனம் இல்லை. பெயர் பொருந்தாது என்று கணினியே தள்ளிவிடும். பயணத்துக்கு முன்பே அம்மாவுக்கு ஒரு கணக்குத் திறவுங்கள். அது இலவசம்.

திறக்கும்போது கடவுச்சீட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும், குடும்பப் பெயர் என்ற பழக்கம் இல்லை, கலியாணத்துக்குப் பிறகு சிலருக்குக் கணவன் பெயர் சேரும், சிலருக்குச் சேராது. கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறதோ அதுவே டிக்கெட்டிலும் கணக்கிலும் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயரில் கணக்குத் திறந்துவிட்டுப் பிறகு திருத்தப்போனால் ஆவணம், மின்னஞ்சல் என்று அலைச்சல்தான். டிக்கெட்டில் பெயரோடு ஒட்டி "மிஸ்ஸிஸ்" வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முகவரின் கணினி செய்கிற வேலை.

குடும்பத்தின் மைல்ஸை ஒன்றாகச் சேர்க்கிற வசதியும் உண்டு. ஏரோபிளானில் எட்டுப் பேர் வரை ஒரு குடும்பமாகச் சேரலாம். எமிரேட்ஸிலும் கட்டாரிலும் இதுபோல இருக்கிறது. பிரிட்டிஷ் எயார்வேஸின் வீட்டுக் கணக்குக்கு எல்லாரும் ஒரே விலாசத்தில் இருக்க வேண்டும். உவர்மலை அம்மாவும் லண்டன் மகளும் அதில் சேர வழியில்லை. ஆனால் கட்டாரின் புள்ளியும் 2022இல் இருந்து ஏவியோஸ்தான். ஒருவர் தன்னுடைய கட்டார், பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்குகள் இரண்டுக்கும் இடையில் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்பு உயர்த்துவது பற்றிச் சுருக்கமாக: மைல்ஸ் கொடுத்தோ, விமானத்தில் இடமில்லாமல் அவர்களாகவோ உங்களைப் பிசினஸில் இருத்தினால், பொதுவாக முதலில் வாங்கிய எக்கனமி வகுப்புக்குத்தான் மைல்ஸ். முழுக்க மைல்ஸில் எடுத்த டிக்கெட்டுக்கு அநேகமாக ஒன்றும் இல்லை.

விதி மாறும் காலத்தில் வாங்குகிறீர்கள் என்றால் அறிவித்தலில் இரண்டு திகதிகளைத் தேடுங்கள். புதிய கணக்கு டிக்கெட் வாங்கிய நாளில் இருந்தா, பறக்கிற நாளில் இருந்தா? பழைய விதியில் வாங்கிப் புதிய விதியில் பறக்கிறவருக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம்.

பயணம் முடிந்ததும் போர்டிங் பாஸைக் குப்பையில் போட வேண்டாம். கைபேசியில் படம் எடுத்து, டிக்கெட் எண்ணோடு சேர்த்து வையுங்கள். இரண்டு கிழமை கழித்தும் கணக்கில் மைல்ஸ் ஏறாவிட்டால் அந்தத் திட்டத்தின் தளத்திலேயே விடுபட்ட மைல்ஸ் கேட்கும் படிவம் இருக்கும். அதற்கு ஒரு கெடு உண்டு, பல திட்டங்களில் ஆறு மாதம். வெளிநாட்டில் பேரப்பிள்ளையோடு ஆறு மாதம் நிற்கிற அம்மாக்கள் ஊர் திரும்பி வந்து என்னிடம் பாஸை நீட்டும்போது இங்கிருந்து புறப்பட்டுப் போன பயணத்தின் கெடு முடிந்திருக்கும். அதனால் அம்மா அங்கே போய் இறங்கியதும் செய்யச் சொல்லிப் பிள்ளைகளிடமே இந்த வேலையைக் கொடுத்துவிடுகிறேன்.

காலாவதியையும் பாருங்கள். எமிரேட்ஸ் ஸ்கைவேர்ட்ஸ் மைல்ஸ் மூன்று வருடத்தில் போய்விடும். ஏரோபிளான் புள்ளிகள் 18 மாதம் கணக்கில் ஒரு அசைவும் இல்லாவிட்டால் போகும், சின்ன அசைவு ஒன்று இருந்தாலே உயிரோடு இருக்கும். கட்டாரில் அந்த அவகாசம் 36 மாதம். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ரொறன்ரோ போகிற அம்மாவுக்கு, மூன்று வருடத்தில் சாகிற 20,000 மைல்ஸை விட, மகனும் மருமகளும் அடிக்கடி அசைக்கிற குடும்பக் கணக்கில் விழுகிற 12,000 புள்ளிகளே கையில் மிஞ்சும்.